மே தினத்தன்று நண்பர்களோடு சென்னையில்

விடுமுறைக்கு முந்தின இரவு வாட்ஸ்அப் குழுவில் எழும் முதல் கேள்வி, 'நாளைக்கு எங்கே போகலாம்?' என்பதுதான். மெரினா, மால், மாமல்லபுரம், சினிமா என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மே முதல் நாள் சென்னையில் அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டும். எத்தனை மணிக்கு வெளியே இருப்போம், எத்தனை மணிக்குக் கூரைக்குக் கீழே ஒதுங்குவோம் என்பதை முதலில் பேசி முடித்துவிட்டால் இடங்கள் தாமே வந்து அமையும். இடத்தை முதலில் முடிவுசெய்தால் நேரம் தன் போக்குக்குப் போய், கூட்டம் முழுவதையும் உச்சி வெயிலில் நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவே இந்த அத்தியாயம் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: அந்த நாளைக் காலை முதல் இரவு வரை ஒரே நீளமாக விரிக்காமல் இரண்டாக மடியுங்கள். விடியலிலிருந்து பத்து மணி வரை ஒரு பாதி. மாலை நாலரையிலிருந்து எட்டரை வரை மறு பாதி. இடையில் இருக்கும் ஆறரை மணி நேரம் வெயிலுக்கு உரியது. அதை வெயிலுக்கே விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான நண்பர் குழுக்களின் நாள் கெடுவது வெயிலால் என்று சொல்வோம். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அது கெடுவது, சந்திக்கும் நேரம் பத்து மணி என்று குறிக்கப்படும்போதே என்பது தெரியும். பத்து என்றால் பத்தரைக்கு இருவர் வருவார்கள், கடைசி ஆள் வந்து சேரப் பதினொன்றே கால் ஆகும். ஒரு டீ, எங்கே போவதென்று மறுபடி ஒரு விவாதம், வண்டிக்குக் காத்திருப்பது. உண்மையில் புறப்படும்போது மணி பன்னிரண்டு. யாரும் உச்சி வெயிலைத் தேர்ந்தெடுக்கவில்லை. பத்து மணி என்ற முடிவு அவர்களை அங்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. காலை 5.45 என்று குறித்தால் அரை மணி தாமதமானாலும் 6.15தான். அப்போதும் கடற்கரை மணல் குளிர்ச்சியாகவே இருக்கும். தாமதம் எல்லாக் குழுவிலும் உண்டு. அது எந்த நேரத்தில் நிகழ்ந்தால் நமக்குக் கேடில்லை என்று பார்த்துத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம்.

நண்பகலை ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்று கேட்கலாம். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கம்புக்கு அன்று நண்பகலில் நிழலே விழாது. மே முதல் நாளில் சூரியன் அந்த உச்சியிலிருந்து இரண்டு பாகைதான் விலகியிருக்கும். மற்ற மாதங்களில் தெருவின் ஒரு பக்கத்துக் கட்டடம் மறு பக்கத்துக்கு ஒரு துண்டு நிழலாவது கொடுக்கும். இந்த நாள்களில் பன்னிரண்டு மணிக்கு அதுவும் கிடையாது. சுவரை ஒட்டி நடந்தாலும் வெயில் தலைமேல்தான் இறங்கும். மரத்தின் அடியும் கூரையின் கீழும் மட்டுமே நிழல். கத்திரி வெயில் மே 4 வாக்கில்தானே தொடங்குகிறது, முதல் தேதி தப்பித்துவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு; சூரியன் நிற்கும் இடம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இதோடு சென்னையின் ஈரமும் சேர்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை காயாமல் சட்டையை நனைத்துக்கொண்டே இருக்கும். வேலூரில் அனல் காற்று என்று சொல்லும் இடத்தில் சென்னையில் புழுக்கம் என்று சொல்கிறோம். தெர்மாமீட்டரில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தாலும் உடலுக்கு அது ஆறுதலாவதில்லை. நகரத்தைக் காப்பாற்றுவது கடற்காற்று. நிலம் சூடேறி அதன்மேல் உள்ள காற்று எழும்பும்போது கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. அது கரைக்கு முதலிலும் உள்பகுதிக்குப் பிறகும் வந்து சேரும். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு வானிலை நிலையங்களின் அளவுகளைக் கோடையில் ஒப்பிட்டுப் பார்த்தால், கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கமே பல நாள்களில் கூடுதல் வெப்பம் காட்டும். மேற்கிலிருந்து வீசும் நிலக்காற்று ஓங்கினால் கடற்காற்று தாமதிக்கும். அன்று வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படியொரு நாள் அபூர்வம்தான். ஆனால் காற்று எப்போது திரும்பும் என்பது முந்தின இரவு நமக்குத் தெரியாது. திட்டத்தை அந்தக் காற்றின் தயவில் விடுவது சரியல்ல.

வெயில் வெறும் அசௌகரியம், இளம் வயதுக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் இந்திய விமானப்படையின் வான் சாகச நிகழ்ச்சி காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை நடந்தது. பல இலட்சம் பேர் குடும்பத்தோடும் நண்பர்களோடும் விடுமுறை உற்சாகத்தோடும் வந்து நின்றார்கள். வெயிலும் நீரிழப்பும் நெரிசலும் சேர்ந்ததில் பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அது கோடைக்காலமே இல்லை, புரட்டாசி மாதம். அதே கடற்கரையில் அதே நேரத்தில் சித்திரை பதினெட்டாம் தேதி நிற்பதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அதே அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஒவ்வொரு கோடையிலும் பகல் 12 முதல் 3 வரை வெளியே செல்வதைத் தவிர்க்கச் சொல்லி அறிவுரை வருகிறது. அந்த மூன்று மணி நேரத்துக்கு இரு பக்கமும் ஓரம் விட்டுத்தான் மேலே ஆறரை மணி நேரம் என்று சொன்னேன். பத்து மணிக்குப் பிறகு தார்ச்சாலை சூடேறிவிடும். மூன்று மணிக்கு வெயில் தாழத் தொடங்கினாலும் சாலையும் சுவரும் மணலும் தாங்கிவைத்த சூட்டை உடனே விடுவதில்லை.

இனி முதல் பாதி. சந்திக்கும் இடமாக மெரினாவின் உழைப்பாளர் சிலையை வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்தே தெரியும், தவறவிட முடியாது என்பது ஒரு காரணம். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்த்து நகர்த்தும் அந்தச் சிலையை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1959 குடியரசு தினத்தையொட்டி அது நிறுவப்பட்டது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் மே தினம் முதன்முதலில் கொண்டாடப்பட்டது இந்த நகரத்தின் கடற்கரையில்தான். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இரண்டு கூட்டங்களை ஏற்பாடு செய்தார்: ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். செங்கொடியும் அன்று ஏற்றப்பட்டது. நமக்குக் கிடைத்திருக்கும் இந்த விடுமுறை எங்கிருந்து வந்தது என்பதை அது பிறந்த இடத்தில் நின்று பத்து நிமிடம் நினைத்துப் பார்ப்பது நாளுக்கு ஒரு கனம் கொடுக்கும். சூரியன் 5.50 வாக்கில் கடலிலிருந்து எழும். மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்திலும் பறக்கும் ரயிலில் வருபவர்கள் சேப்பாக்கத்திலும் இறங்கி நடந்து வரலாம். முதல் வண்டியில் வந்து உதயத்தைத் தவறவிட்டாலும் குறையில்லை. ஏழு மணி வரை அந்த வெளிச்சம் இதமாகவே இருக்கும்.

சிலையிலிருந்து தெற்கே நடைபாதையில் நடந்து போங்கள். 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் இந்தக் கடற்கரைச் சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டபோது மனத்தில் வைத்திருந்தது இப்படிப்பட்ட நடையைத்தான். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கும் பழைய கட்டடங்களின் வரிசை. விவேகானந்தர் இல்லம் வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். 1842இல் அமெரிக்காவின் டியூடர் நிறுவனம் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து சேமித்த கிடங்கு அது. 1897இல் விவேகானந்தர் தங்கியதால் பிறகு வேறு புகழ் பெற்றது. இந்த ஊரின் வெயிலைத் தணிக்கப் பாதி உலகம் சுற்றிப் பனிக்கட்டி வந்தது என்றால், அந்த வெயிலை அன்றைக்கு எவ்வளவு பெரிய எதிரியாக மதித்தார்கள் என்று பாருங்கள். வெயில் மாறவில்லை, மின்விசிறியும் ஏசியும் வந்த பிறகு அதை மதிப்பதுதான் குறைந்துபோனது.

எட்டு மணிக்குப் பசி எடுத்துவிடும். திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மேன்ஷன்களில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்காகவே வளர்ந்த உணவுக் கடைகள் அவை. 1948 முதல் நடக்கும் ரத்னா கபேயில் இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றிக் கொடுப்பார்கள். வயிறு நிறையத்தான் சாப்பிட வேண்டும், ஏனென்றால் இது நாளின் முக்கியமான வேளை. மதியத்தில் புழுக்கம் பசியைக் கொன்றுவிடும். பத்து மணிக்குள் முதல் பாதியை முடித்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம், அந்தத் தெருவையும் பார்த்துவிடுவோம் என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு தெருவில்தான் நாள் கெடும்.

இந்த இடத்தில் மூன்று ஆட்சேபங்கள் வரும்; மூன்றும் நியாயமானவை. முதலாவது, விடுமுறை என்றால் தூங்குவதற்குத்தானே, ஐந்து மணிக்கு யார் எழுந்திருப்பது என்பது. வாரம் ஆறு நாள் அலாரத்துக்கு எழுபவர் இதைக் கேட்டால் அவரிடம் வாதாட முடியாது. ஆனால் இந்தத் திட்டம் தூக்கத்தைப் பறிக்கவில்லை, இடம் மாற்றுகிறது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு நண்பரின் வீட்டில் பாய் விரித்துப் படுப்பது திட்டத்தின் ஓர் அங்கம். விடியலில் விட்ட தூக்கம் அப்போது வட்டியோடு திரும்பி வரும். அதுவும் முடியாது என்பவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டு மாலைக்கு மட்டும் வரட்டும். பாதி நாள் நன்றாக அமைவது, முழு நாள் அரைகுறையாக அமைவதைவிட மேல். ஒரு குழுவில் இரண்டு பேர் மாலையில்தான் சேர்கிறார்கள் என்றால் யாரும் மனத்தாங்கல் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம் தூரம். ஆவடியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் வருபவர் நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. உண்மைதான். இந்தத் திட்டத்தின் பலவீனமான இடமும் இதுதான். அதனால்தான் முந்தின நாளே மதிய இருப்பிடம் ஒன்றை உறுதி செய்துகொள்ளச் சொல்கிறேன். நகரத்துக்குள் வீடோ அறையோ உள்ள நண்பர் ஒருவர் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. அவர் வீட்டாருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஐந்து பேருக்குச் சமைக்கச் சொல்லாமல் சாப்பாட்டை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு மணி வெயிலில் ஒரு டெலிவரித் தொழிலாளியை அலையவிட்டுச் சாப்பாட்டை வரவழைக்காமல், பத்து மணிக்குத் திரும்பும் வழியிலேயே மதியத்துக்கு வேண்டிய பழத்தையும் தயிரையும் எலுமிச்சையையும் வாங்கிவிடுவது நல்லது. மே தினத்தன்று அந்தச் சிறு கவனம் பொருத்தமானதும்கூட.

வீடு கிடைக்கவில்லை என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கிய அந்த வளாகத்தில் வெண்கலக் கூடத்துக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரம் கொடுக்கலாம். திருவெண்காட்டிலிருந்து வந்த சோழர் கால அர்த்தநாரீஸ்வரரை மூன்று பக்கமும் சுற்றி வந்து பாருங்கள். ஒரு பாதியின் இடை வளைவும் மறு பாதியின் தோள் அகலமும் எங்கே எப்படிக் கூடுகின்றன என்பது நின்று பார்த்தால்தான் பிடிபடும். அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள் வேறு கூடத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் அவசரமாகப் பார்க்க வேண்டாம். ஒன்று கவனம்: அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. மே 1 வெள்ளியில் வரும் 2026 போன்ற ஆண்டில் வாசலில் போய் நிற்பது வீண். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய். கோட்டூர்புரத்துக் கோளரங்கம், நூலகங்கள் போன்ற அரசு நிறுவனங்கள் பொது விடுமுறையில் திறந்திருக்குமா என்பதை முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பொது விடுமுறையில் வெளியே போகிறவர்கள் மறக்கும் விஷயம், அந்த விடுமுறை மற்றவர்களுக்கும் உண்டு என்பது. கூகுள் வரைபடம் 'திறந்திருக்கிறது' என்று காட்டுவதை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது: இவ்வளவு கணக்கு எதற்கு, ஏசி போட்ட மால் ஒன்றுக்குக் காலையில் போய் இரவு வந்துவிடலாமே. மதிய நேரத்துக்கு மால் நல்ல இடம்தான், சினிமாவும் அப்படித்தான். மே தினத்தையொட்டிப் புதுப்படம் வருவது வழக்கம் என்பதால் பகல் காட்சிக்கு முன்பதிவு செய்துகொண்டால் மூன்று மணி நேரம் குளிர்ச்சியாகக் கழியும். ஆனால் நாள் முழுவதும் அங்கேயே இருப்பதில் இரண்டு குறைகள் உண்டு. உட்காரும் இடமெல்லாம் காசு கேட்கும் இடமாக இருக்கும்; பேசிக்கொண்டே இருப்பதற்காகச் சந்தித்த நண்பர்கள், உட்காரவே ஏதாவது வாங்க வேண்டியிருக்கும். மற்றொன்று, நண்பர்களில் ஒருவருக்குப் பண நெருக்கடி இருக்கும், அவர் அதைச் சொல்ல மாட்டார். கடற்கரையும் நடைபாதையும் யார் சட்டைப்பையையும் கேட்பதில்லை. மால் பகல் வெயிலுக்கு ஒதுங்கும் கூரையாக மட்டும் இருக்கட்டும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்விடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் வேண்டியதாயிற்று. கோடையில் அங்கே குவியும் வண்டிகளின் எண்ணிக்கையே அதற்குக் காரணம். ஒரு நாள் விடுமுறையில் இரண்டு இரவுகளைப் பேருந்தில் கழிப்பது ஓய்வாகாது.

பணம் என்று வந்ததால் அதையும் இங்கேயே பேசிவிடலாம். புறப்படுவதற்கு முன்பே ஒரு தொகையைப் பேசி, எல்லோரும் ஒருவருக்கு ஜிபேயில் அனுப்பிவிடுங்கள். அன்றைய செலவெல்லாம் அந்தப் பொதுப் பணத்திலிருந்து போகட்டும். அந்தத் தொகையைத் தீர்மானிக்க வேண்டியது குழுவில் குறைவாகச் சம்பாதிப்பவரின் வசதி. வேலைக்குப் போகும் நான்கு பேரும் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரும் சேர்ந்து போகும்போது, 'நீ கொடுக்க வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பது அன்பான சொல்தான். கேட்பவருக்கு அது நாள் முழுக்க உறுத்தும். எல்லோரும் சிறு தொகை போடுவதில் அந்த உறுத்தல் இல்லை. போக்குவரத்துக்கும் அதே எண்ணம் வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். விடுமுறையில் ரயில்கள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடுவதுண்டு; வண்டிகளுக்கு இடைவெளி கூடும். ஆகவே ஒரே வட்டாரத்துக்குள் நாளை அடக்குவது நல்லது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, எழும்பூர் எல்லாம் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர்தான். ஒரே நாளில் மாமல்லபுரமும் பாண்டி பஜாரும் மெரினாவும் என்று போட்டால் பேச வேண்டிய நேரமெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கரையும். நேப்பியர் பூங்காவாக இருந்து பெயர் மாறிய சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் அன்று காலை கட்சிகளும் தொழிற்சங்கங்களும் மரியாதை செலுத்த வரும். அதைப் பார்க்க விரும்பினால் நடந்து போங்கள். விரும்பாவிட்டால் அந்தப் பக்கத்துச் சாலைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பலரும் பலமுறை சொல்லிவிட்டார்கள்; ஆனாலும் ஐந்து பேருக்கு ஒரு பாட்டில் என்று கிளம்பும் குழுக்கள் இன்னும் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், தாகம் எடுப்பதற்கு முன்பே குடிப்பது, மெட்ரோ நிலையத்திலோ உணவகத்திலோ நிரப்பிக்கொள்வது. கழிப்பறை கிடைக்காதே என்று பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது வழக்கம். கோடையில் அது ஆபத்து. மெட்ரோ நிலையங்கள், அருங்காட்சியகம், பெரிய உணவகங்கள் என்று கழிப்பறை உள்ள இடங்களைத் திட்டத்திலேயே சேர்ப்பது எல்லோருடைய பொறுப்பு. அதைப் பெண்கள் வாய்விட்டுக் கேட்கும்படி வைக்கக் கூடாது. குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வெயிலுக்குக் குடை பிடித்தால் கேலி என்ற பயம் இன்னும் போகவில்லை. ஒருவர் பிடித்தால் மற்றவர்களும் பிடிப்பார்கள். தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு என்று ஒருவர் சொன்னால் உடனே நிழலில் உட்காரவைத்து, ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இதைத்தான் செய்யும். பேச்சு குழறினாலோ, உடல் கொதித்து நினைவு தடுமாறினாலோ 108ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுங்கள். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இந்த மாதம் தருவதில் நல்லவையும் உண்டு. நுங்கும் தர்பூசணியும் வெள்ளரிப்பிஞ்சும் இப்போதுதான் வண்டிவண்டியாக வரும். தெருவில் வாங்கும்போது உங்கள் கண்ணெதிரே வெட்டித் தருவதையே வாங்குங்கள்; ஏற்கெனவே நறுக்கித் தட்டில் வைத்திருப்பது வேண்டாம். ஜூஸில் போடும் ஐஸைக் கேட்டுப் பாருங்கள். மீனைப் பதப்படுத்தவும் பிற தொழில்களுக்கும் செய்யும், உண்ணத்தகாத ஐஸ் நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விதித்தது. நிறமற்றது எல்லாம் நல்லது என்று அதற்குப் பொருளில்லை. நீலமாக இருந்தால் கட்டாயம் வேண்டாம் என்று பொருள். இளநீருக்கு இந்தக் கவலையே இல்லை.

நாலரைக்குப் பிறகு மறுபடி கடற்கரை. மெரினா கிழக்கு நோக்கியது. மாலையில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கும், முகத்தில் கடற்காற்று படும், முதுகில்தான் வெயில். ஆறு இருபதைத் தாண்டி அதுவும் போய்விடும். பௌர்ணமியை ஒட்டி மே தினம் வந்தால் அதே கடலிலிருந்து நிலவு எழுவதைப் பார்க்கலாம். காலையில் சூரியன் எழுந்த பக்கத்திலிருந்தே அது வரும். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் இந்த நேரத்துக்கு உரியவை. சக்கர நாற்காலியில் வரும் நண்பர் இருந்தால், கடல் அருகே வரை செல்ல மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் அமைத்த மரப்பாதை உழைப்பாளர் சிலையின் தெற்குப் பக்கம் இருக்கிறது. புயல்களில் சேதமடைந்து பழுதுபார்க்கப்பட்டது என்பதால் நிலையை முன்கூட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போகலாம்.

எங்கே போனாலும் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்க வேண்டாம். மெரினாவில் குளிப்பதற்குத் தடை இருப்பது வெறும் சட்டத்துக்காக அல்ல. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சட்டென்று கூடுகிறது, திரும்பும் அலையின் இழுப்பு பலமானது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் போகிறார்கள். எலியட்ஸ் கடற்கரை மணலில் வெள்ளை வளைவுகளோடு நிற்கும் நினைவுச் சின்னம், 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த டேனிஷ்காரர் ஷ்மிட்டுக்காகக் கட்டியது. படம் எடுப்பதற்காக அதன் அடியில் நிற்கும் குழுக்கள் அது எதற்காக நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லது. நண்பர்கள் கூட்டத்தில் ஆபத்து தொடங்குவது 'வா, இன்னும் கொஞ்சம் உள்ளே' என்ற குரலில்தான். அந்தக் குரலுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஒருவரை முன்பே ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

எட்டரை மணிக்குக் கிளம்புங்கள். கூட்டம் கலைவது ஒன்பதுக்கு மேல்; அதற்கு அரை மணி முன்னால் போனால் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும், ஆட்டோவுக்கும் பேரம் பேச வேண்டியிராது. தூரத்தில் இருப்பவரை முதலில் அனுப்புங்கள். வீடு சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். வராவிட்டால் பத்து நிமிடத்தில் அழையுங்கள். ரயிலில் ஏறும் முன் பாட்டிலில் மீதமிருக்கும் தண்ணீரைக் குடித்துவிடுங்கள், உடல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்.